இடது பக்கம்

அந்த அச்சகத்தில் தலைவலியை ஒழித்துவிடுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு முடிவானது. பத்தரைக்குத் தட்டச்சாகி, பதினொன்றுக்குக் கையெழுத்தாகி, இரண்டு மணிக்கு அந்தச் சுற்றறிக்கை பிழைதிருத்தும் அறைக்கு வந்து சேர்ந்தது. அதைத் திருத்த வேண்டியவளுடைய இடது கண்ணுக்குப் பின்னால் அப்போது யாரோ அவசரமில்லாமல் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அது அரசாங்க அச்சகம். மற்ற அலுவலகங்களுக்கு வேண்டிய விதிகளும் படிவங்களும் அங்கேதான் அச்சாகும். ஒருவன் பிறந்தான் என்பதற்கும் செத்தான் என்பதற்கும் அங்கே அச்சடித்த தாள்தான் சாட்சி. நடுவில் வாழ்ந்தான் என்பதற்கு மட்டும் படிவம் கிடையாது.

பிழைதிருத்துவது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. ஒருவர் மூலப்பிரதியை வாய்விட்டு வாசிப்பார். மற்றவர் சிவப்புப் பேனாவோடு அச்சுத்தாளில் பின்தொடர்வார். வாசிப்பவர் நிறுத்தக்குறிகளையும் விடக் கூடாது. ‘விண்ணப்பதாரர் காற்புள்ளி அவருடைய தந்தை காற்புள்ளி அல்லது பாதுகாவலர் முற்றுப்புள்ளி’ என்று காலை மணி அடித்தது முதல் மாலை மணி வரை ஓடிக்கொண்டே இருக்கும். அவளுக்கு வாசிப்பவர் அவளுடைய இடப் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஐம்பது தாண்டியவர். நிற்காத குரல் என்பதால் அச்சகம் முழுக்க அவருக்கு ரேடியோ என்று பெயர். அவள் மட்டும் அண்ணே என்பாள். அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. வலி வரும்போது தலை ஒரு பக்கம் சாய்ந்து, முதுகு வளைந்து, மேசை விளக்கின் கீழே ஒடுங்கிப்போவாள். பார்க்கிறவர்களுக்கு அச்சுத்தாளிலிருந்து தப்பி வந்த காற்புள்ளி மாதிரி இருக்கும். காற்புள்ளி என்றே கூப்பிட்டார்கள்.

பதினோரு வருடமாக வலி. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் வலி தாங்காமல் கழிவறையில் வாந்தி எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்ததை ரேடியோ பார்த்தார். மறுநாள் பிளாஸ்கில் காபி கொண்டுவந்தார். அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. அவருக்கு வயிற்றுப் புண், காபியைத் தொடுவதில்லை. பிளாஸ்க் முழுவதும் அவளுக்குத்தான், ஏழு மூடி. காபி வலியை அடக்கும். அடக்கின காபி இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். தூங்காத தலை காலையில் காபி கேட்கும். செக்குமாடு கூட இடையில் ஒரு முறை நிற்கும்.

அவள் கணவன் தலையணையைத் தூரத்தில் பார்த்தாலே தூங்கிவிடுகிறவன்.

“காபியை விட்டுடேன், தூக்கம் வரும்” என்பான்.

“தூக்கம் வரட்டும், விட்டுடறேன்.”

“யார் முதல்லன்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் குறட்டை விடுவான்.

தலைவலியை ஒழிக்கும் யோசனை பிறந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஆண்டறிக்கையில் ‘இயக்குநரின் சிறப்புரை’ என்று வர வேண்டியது ‘இயக்குநரின் சிரிப்புரை’ என்று அச்சாகி, நாலாயிரம் பிரதி வெளியே போய்விட்டது. படித்துப் பார்த்தவர்கள் தலைப்பில் குறை காணவில்லை என்பது வேறு விஷயம். விசாரித்தபோது, அவள் வாய் திறப்பதற்குள் ரேடியோ எழுந்து, “நான்தாங்க தப்பா வாசிச்சுட்டேன். அன்னிக்கு எனக்குத் தலைவலி” என்றார். அவருக்கு வாழ்நாளில் தலைவலி வந்ததில்லை. அன்று கண்ணைத் திறக்க முடியாமல் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டவள் அவள்தான். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். பிறகு என்பது ரொம்ப வசதியான சொல்.

நல அலுவலர் எல்லோரையும் கூடத்துக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தட்டும் அவள் இடது கண்ணில் விழுந்தது.

“தலைவலியைத் தனிப்பட்ட விஷயம்னு இதுவரைக்கும் நினைச்சிட்டிருந்தோம். அப்படி இல்லை. நீங்க இங்கே கொண்டுவர்ற தலை, வேலை முடியற வரைக்கும் அரசாங்கத்தோட தலை. அதுல அனுமதி இல்லாம எதுவும் வரக் கூடாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. எனக்கு ரெண்டும் வந்ததில்லை. அதனால என்னால நடுநிலையா முடிவெடுக்க முடியும்.”

கை தட்டினார்கள். அடுத்து, தலைவலிக்குக் காரணம் காபிதான் என்று காபி துறப்பு உறுதிமொழி. குரல் வளம் கருதி ரேடியோவை மேடைக்கு அழைத்து, அவர் வாசிக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்ல ஏற்பாடு. முப்பது வருடப் பழக்கம் அவரை விடவில்லை.

“நான் இன்று முதல் காற்புள்ளி காபி அருந்த மாட்டேன் முற்றுப்புள்ளி” என்று வாசித்தார்.

நானூறு பேர் ஒரே குரலில் அதை அப்படியே திருப்பிச் சொன்னார்கள். சொன்ன பிறகு அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஊரே அவள் பெயரால் சத்தியம் செய்தது மாதிரி ஆகிவிட்டது. அவளும் சொன்னாள். வாயில் அப்போதுதான் குடித்த காபியின் மணம் இருந்தது. பக்கத்திலிருந்தவருக்கு எட்டாதபடி உதட்டை மட்டும் அசைத்தாள்.

காபி இயந்திரத்தை நகர்த்தி, அந்த இடத்தில் ‘இங்கே காபி இல்லை’ என்று ஒரு பலகை வைத்தார்கள். ரேடியோ பிளாஸ்கை ‘நிலுவை’ என்று எழுதியிருந்த கோப்புப் பெட்டிக்குள் வைத்தார். அந்தப் பெட்டியை அச்சகத்தில் யாரும் திறப்பதில்லை.

“சத்தியம் பண்ணிட்டோமேண்ணே” என்றாள்.

“வாய்தானே பண்ணுச்சு. தொண்டை ஒண்ணும் சொல்லலியே. குடிம்மா, ஆறிடும்.”

அடுத்ததாக உறக்கப் பதிவேடு வந்தது. காலையில் வருகைக் கையெழுத்துக்குப் பக்கத்தில், முந்தைய இரவு எத்தனை மணி நேரம் உறங்கினோம் என்று எழுத வேண்டும். முதல் நாள் அவள் ‘மூன்று’ என்று எழுதினாள். பத்து நிமிடத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

“அஞ்சு மணி நேரம் குறையுதே. எப்ப ஈடு கட்டப் போறீங்க?” என்று நல அலுவலர் கேட்டார்.

“தூக்கம் வரலைங்க.”

“வரலைன்னு விளக்கக் கடிதம் கொடுத்துச்சா? இல்லையே. அப்ப நீங்கதான் காரணம்.”

அவளை உறக்க விழிப்புணர்வு வகுப்பில் சேர்த்தார்கள். உறக்கமும் விழிப்பும் ஒரே தலைப்பில் ஒட்டிக்கொண்டிருப்பதை அவள் சிவப்புப் பேனாவால் சுழித்து அனுப்பினாள். சந்திப்பிழை இல்லையே என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். வகுப்பு காலை ஆறு மணிக்கு. அதற்கு அவள் நாலரைக்கு எழ வேண்டும். இருந்த மூன்று மணி நேரம் இரண்டானது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. வகுப்பில் உறங்குவது எப்படி என்று படம் போட்டுக் காட்டினார்கள். யாராவது உறங்கினால் எழுப்பி வெளியே நிறுத்தினார்கள். இரண்டாம் வாரம் அவளும் மற்றவர்கள் மாதிரி ‘எட்டு’ என்று எழுதக் கற்றுக்கொண்டாள். வகுப்பிலிருந்து விடுவித்தார்கள். மாத முடிவில் அச்சகத்தின் சராசரி உறக்கம் எட்டு மணி நேரம் என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. முன்னேற்றம் கண்டவர்கள் என்று வாசலில் ஒட்டிய தாளில் அவள் பெயர் முதலில் இருந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

பிறகுதான் படிவம் பதினான்கு வந்தது. தலைவலி விவரப் படிவம். அவள் அதை உண்மையாக நிரப்ப நினைத்தாள். எங்கேயாவது ஒரு மருத்துவர் படிப்பார், எதையாவது சொல்வார் என்று ஒரு நப்பாசை.

தலைவலி எந்தப் பக்கம்? – இடது பக்கம்.

எத்தனை வருடமாக? – பதினோரு வருடமாக.

எப்போது தொடங்கும்? – காலையில், வேலை தொடங்கியதும்.

எவ்வாறு இருக்கும்? – நிற்காமல், ஒரே தாளமாக.

எதனால் குறையும்? என்ற இடத்தில் பேனா நின்றது. காபி என்று எழுத முடியாது. கொஞ்சம் யோசித்து, ‘வெளியே போனால் சரியாகிவிடும்’ என்று எழுதினாள். அது முழுப் பொய்யும் இல்லை. சில நாள் வாசல் மரத்தடியில் நின்றால் ஆணி அடிப்பவர் ஓய்வெடுப்பார்.

யார் வெளியே போனால் என்று எழுதவில்லை. நம் மொழியில் அதை எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை.

நலப் பிரிவில் மருத்துவர் பதவி ஆறு வருடமாகக் காலி. ‘எந்தப் பக்கம்’ என்ற கேள்வி இருந்ததால் படிவங்கள் இருக்கை ஒதுக்கீட்டுப் பிரிவுக்குப் போயின. அந்தப் பிரிவின் எழுத்தர் நேர்மையான மனிதர். பிழைதிருத்தும் அறையின் இருக்கை வரைபடத்தை எடுத்து விரித்து, அவளுடைய நாற்காலியில் விரலை வைத்து, இடது பக்கம் நகர்த்தினார்.

மூன்றாம் நாள் ரேடியோவுக்குக் குறிப்பாணை வந்தது. அவர் அதைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிறுத்தக்குறிகளோடு அவளுக்கே வாசித்துக் காட்டினார். தங்களால் ஒருவருக்குப் பதினோரு வருடமாகத் தலைவலி ஏற்பட்டிருப்பதாகத் தெரியவருகிறது; விசாரணை முடியும்வரை தாங்கள் மௌனமாக வாசிக்க வேண்டும்; புகார்தாரரின் பெயர் இரகசியமாகக் காக்கப்படும்; அவர் தங்களுக்கு வலப் பக்கம் அமர்ந்திருப்பவர்.

ரேடியோ வலப் பக்கம் திரும்பினார். அவள் இருந்தாள். அவளையும் தாண்டிப் பார்த்தார்.

“சன்னலா இருக்குமோ?” என்றார்.

சிரிப்பதற்காகச் சொன்னார். அந்த நிமிடமே அவள் சொல்லியிருக்கலாம். ‘அண்ணே, அது என் தலையோட இடது பக்கம்’ என்று ஆறு சொல். ஆனால் அதைச் சொன்னால் நலப் பிரிவுக்கும் சொல்ல வேண்டும். சொன்னால் எதனால் குறைகிறது என்பார்கள். காபி வரும். சத்தியம் வரும். எட்டு மணி நேரம் வரும். சிரிப்புரை கூட வரலாம். ஒரு நூலை இழுத்தால் சட்டை முழுவதும் பிரிந்துவிடும், உள்ளே இருப்பவள் தெரிந்துவிடுவாள். “ஏதோ தப்பா வந்திருக்கும்ணே” என்றாள். அதுவும் முழுப் பொய்யில்லை.

ஒரு வாரம் அவர் மௌனமாக வாசித்தார். உதடு அசையும், சத்தம் வராது. அவள் அவர் வாயைப் பார்த்து அச்சுத்தாளைத் திருத்தினாள். முற்றுப்புள்ளிக்கு மேசையில் விரலால் ஒரு தட்டு. அதுவும் சத்தம் என்று மேற்பார்வையாளர் சொன்னதால், பிறகு கண்ணைச் சிமிட்டினார். காபியை மட்டும் நேரம் தவறாமல் ஊற்றிக் கொடுத்தார்.

விசாரணை நாள் காலையில் அவரை நேராக நலப் பிரிவுக்கு வரச்சொல்லிவிட்டார்கள். நிலுவைப் பெட்டி காலியாக இருந்தது. பதினொரு மணிக்கு அவளைச் சாட்சியாகக் கூப்பிட்டபோது பாதித் தலை அவளுடையதாக இல்லை.

மேசைக்குப் பின்னால் நல அலுவலரும் இருக்கை எழுத்தரும். அவர்கள் முன்னால் இரண்டு டம்ளர் காபி, ஆவி பறந்தது. விசாரிப்பவர்களுக்கு விழிப்பு அவசியம் என்று விதியில் விலக்கு இருந்தது. எதிரே ரேடியோ, மடியில் கை கோத்து.

“எத்தனை வருஷமா இந்தம்மாவுக்கு இடப் பக்கம்?” என்று நல அலுவலர் அவரைக் கேட்டார்.

“பதினோரு வருஷம் ஆச்சுங்க.”

அலுவலர் படிவத்தைப் பார்த்தார். “பொருந்துது. காலையில வேலை தொடங்கினதும் தொடங்கிடுவீங்களா?”

“மணி அடிச்சதும் தொடங்கிடுவேங்க.”

“பொருந்துது. நிற்காம?”

“நடுவுல நின்னா வரி தவறிடுங்க.”

“ஒரே தாளமா?”

ரேடியோ யோசித்தார். “ஏத்தி இறக்கி வாசிச்சா எழுத்துல கவனம் போயிடும். ஒரே தாளம்தான்.”

எழுத்தர் நாலு இடத்தில் சரி என்று குறியிட்டார். நல அலுவலர் அவள் பக்கம் கனிவாகத் திரும்பினார். “இந்தம்மா காபியை விட்டவங்க. தினம் எட்டு மணி நேரம் தூங்கறவங்க. அப்படியும் தலைவலின்னா காரணம் வெளியிலதான் இருக்கணும். நீங்க எதையாவது மாத்திச் சொல்லணுமாம்மா?”

மாற்றிச் சொல்ல ஒரே ஒரு திருத்தம் இருந்தது. பதினோரு வருடமாக அடுத்தவர்களின் ஒற்றுக்கும் புள்ளிக்கும் உயிரை விட்டவள் அவள். ரேடியோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் டம்ளரைப் பார்த்தாள். காபியின் மேல் மெல்ல ஆடை படிந்துகொண்டிருந்தது. அவர் வேலை, அவர் குரல், முப்பது வருடம் எல்லாம் அந்த அறையில் ஊசலாடிக்கொண்டிருந்தபோது, அவள் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: இதை ஏன் இப்படி ஆறவிடுகிறார்கள்.

“இல்லைங்க” என்றாள்.

தாழ்வாரத்தில் ரேடியோ அவளுக்காகக் காத்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சொல்லியிருக்கலாமேம்மா” என்றார், கிட்டத்தட்ட ரகசியமாக. “முதல்லயே சொல்லியிருந்தா மெதுவா வாசிச்சிருப்பேனே. பதினோரு வருஷம் எப்படித் தாங்கிக்கிட்டே?”

அவள் செருப்பைப் பார்த்தாள்.

ஆணை இரண்டு நாளில் தயாரானது. எந்த ஆணையும் பிழைதிருத்தும் அறைக்கு வராமல் செல்லாது. வந்தது. பக்கத்தில் வாசிக்க ஆள் இல்லாததால் தனியாகத் திருத்தினாள். வலப் பக்கம் யாரும் இல்லாத இடமாகத் தேடி, காகிதக் கிடங்கில் சுவரை ஒட்டி அவருக்கு நாற்காலி ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் ‘கிடங்கு’ என்பது ‘கிழங்கு’ என்று தட்டச்சாகியிருந்தது. ‘மேற்படி ஊழியர் இன்று முதல் கிழங்கில் பணியாற்றுவார்.’ அப்படியே விட்டிருந்தால் ஆணை செல்லுபடியாகியிருக்காது. கிழங்கு எங்கே இருக்கிறது, அதில் எத்தனை நாற்காலி போடலாம் என்று இருக்கைப் பிரிவு ஆறு மாதம் கடிதம் எழுதியிருக்கும். அதற்குள் எதுவும் நடந்திருக்கலாம். அவளுக்கு இதெல்லாம் தோன்றியபோது கை ஏற்கெனவே ‘ழ’வை வெட்டி, ஓரத்தில் ‘ட’ எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தது. நல்ல தெளிவான கையெழுத்து.

அவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார்கள். எடுத்த இடத்தில் ‘தலைவலி அகற்றப்பட்டது’ என்று ஒரு அட்டை.

அந்த வாரம் அவளுக்கு வலி வழக்கத்தைவிட மோசமாக இருந்தது. வீட்டில் எழுந்து உட்கார்ந்து கணவனை உலுக்கினாள். “நான் ஒருத்தருக்குத் துரோகம் பண்ணிட்டேன்.”

“காலையில சொல்லு, மன்னிச்சுடறேன்” என்று அவன் திரும்பிப் படுத்தான்.

காலையில் அவள் ஒரு தாளை எடுத்து, தனக்குத் தெரிந்த ஒரே நடையில் எழுதினாள்.

பிழைத்திருத்தம். படிவம் பதினான்கில் ‘இடது பக்கம்’ என்பதை ‘என் தலையின் இடது பக்கம்’ எனவும், ‘வெளியே போனால்’ என்பதை ‘காபி குடித்தால்’ எனவும், உறக்கப் பதிவேட்டில் ‘எட்டு’ என வரும் இடங்களிலெல்லாம் ‘மூன்று’ எனவும், ஆண்டறிக்கை விசாரணையில் ‘அவர் தவறாக வாசித்தார்’ என்பதை ‘நான் பார்க்கவில்லை’ எனவும் திருத்திப் படிக்கவும்.

நல அலுவலர் அதை இரண்டு முறை படித்தார். கோபப்படவில்லை.

“மூணுன்னு இப்ப மாத்த முடியாதும்மா. சராசரி மேலே போயாச்சு. நீங்க ஒருத்தர் தூங்காம இருந்தா அச்சகமே தூங்கலைன்னு ஆயிடும். ஆண்டறிக்கை, மூடின கோப்பு. காபிங்கிறீங்களே, அது யார் கொடுத்தது?”

அவள் தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள்.

“ரேடியோவா?”

“அவர் கொடுத்தாலும்... நான் கேட்டுத்தாங்க கொடுத்தார்.”

“எந்தப் பக்கத்திலிருந்து கொடுப்பார்?”

அலுவலர் தானே பதிலை எழுதிக்கொண்டு நிமிர்ந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“பாருங்க. காபியால தூக்கம் கெட்டு, தூக்கம் கெட்டதால தலைவலி. காபி இடது பக்கத்திலிருந்து வந்திருக்கு. நீங்க முதல்ல எழுதினதே சரிதான். ஒரு எழுத்து மாத்த வேண்டாம். இவ்வளவு துல்லியமா படிவம் நிரப்பினவங்களை நான் பார்த்ததில்லை.”

எழுந்து கை குலுக்கி, தலைவலியற்ற ஊழியர் என்ற சான்றிதழைக் கொடுத்தார். அவளைத் தண்டிக்க அந்தக் கட்டடத்தில் யாருக்கும் மனம் வரவில்லை.

சான்றிதழைச் சுருட்டிக்கொண்டு நேராகக் கிடங்குக்குப் படியிறங்கினாள். காகிதக் கட்டுகள் கூரைவரை. வெள்ளைக் காகிதத்தின் ஈர மணம். கடைசியில், வலது தோள் சுவரில் இடிக்கும்படி ஒரு நாற்காலியில் ரேடியோ. கட்டுகளின் மேல் ஒட்டிய சீட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எழுதின வரிசையிலேயே, எதையும் விடாமல். ‘கிழங்கு’ உட்பட.

“உங்க குரலால ஒரு நாளும் எனக்கு வலிச்சதில்லைண்ணே” என்று முடித்தாள்.

அவர் குரலைத் தாழ்த்தி, அவளே குனிந்து கேட்க வேண்டிய அளவுக்குத் தாழ்த்திச் சொன்னார்:

“அன்னிக்கு அந்த ரூம்ல நான் உன் முகத்தையே பார்த்துட்டிருந்தேன். நீ டம்ளரைப் பார்த்துட்டிருந்தே.”

“அண்ணே...”

“நீ குடிக்காம வந்திருக்கேன்னு தெரிஞ்சுது.”

“கொஞ்சம் சத்தமாப் பேசுங்கண்ணே. இங்கே யாரும் இல்லை.”

“பழகிடுச்சும்மா” என்றார், அதே குரலில்.

காகிதக் கட்டுகளுக்கு நடுவே கையை விட்டு பிளாஸ்கை எடுத்தார். அவர் காபி குடிப்பதில்லை. கிடங்கில் வேறு யாரும் கிடையாது. இத்தனை நாளும் யாருக்காகக் கொண்டுவந்தார் என்று அவள் கேட்கவில்லை. மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. ஆவி எழுந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் அவள் வந்திருந்தாள். அந்தச் சொல் தொண்டைவரை வந்தும்விட்டது.

கை முந்திக்கொண்டது.